ஓலைப் பின்னல் ஏன் சதுரம் சதுரமாக உடைகிறது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "யூடியூப் பார்த்துக் கொட்டான் (பனையோலைக் கூடை) முடையப் பழகுகிறேன். சிக்னல் குறைந்தால், சொல்லித்தருபவர் முகம் ஓரளவு தெரிகிறது. ஓலைப் பின்னல் மட்டும் சதுரம் சதுரமாகக் கலங்கிவிடுகிறது. எந்த ஓலை மேலே, எது கீழே என்றே தெரியவில்லை. ஏன்?"

கேமரா பிடிப்பதை அப்படியே அனுப்ப முடியாது. முழு எச்டி படம் ஒன்றில் 1920 × 1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 187 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் எட்டே நொடியில் காலி. அதனால் சுருக்குகிறார்கள். முந்தைய படத்திலிருந்து மாறாத பகுதியைத் திரும்ப அனுப்புவதில்லை. நிற விவரத்தையும் குறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அடுத்த படிதான் என்னை மயக்குவது.

படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டுகிறார்கள். (புதிய முறைகளில் கட்டத்தின் அளவு மாறும், வேலை ஒன்றுதான்.) பூவேலை கொண்ட சதுரமான ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வளவை (செட்டிநாட்டு வீட்டின் முற்றம்) நினைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு 64 புள்ளி. இப்போது உங்கள் கையில் 64 அச்சுகள். முதல் அச்சு ஒரே நிறம். இன்னொன்றில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. போகப் போகக் கோடுகள் நெருங்கி, கடைசி அச்சு பொடிப்பொடியான சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். உலகத்தில் எந்தப் படத்தின் எந்தக் கட்டத்தையும் இந்த 64 அச்சுகளை வெவ்வேறு அளவில் கலந்தே உண்டாக்கிவிடலாம்! சுவர், கன்னம், வானம் போன்ற இடங்களில் நெருக்கமான அச்சுகளின் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். அவற்றைத் தூக்கிப் போட்டாலும் கண் கண்டுகொள்ளாது. 64 எண்ணுக்குப் பதில் நாலைந்து போதும்.

இந்தக் கணக்குக்கு டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று பெயர். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது யோசித்தது, 1974இல் டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டார். 1972இல் இதற்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பிட்டவர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. காரைக்குடிக்கு சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். உடனே என்ன லாபம் என்று கேட்காமல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் கைகள் இன்னும் நிறைய வேண்டும்.

சரி, கொட்டானுக்கு வருவோம். ஒரே வீடியோவைப் பல தரங்களில், சில நொடித் துண்டுகளாக வைத்திருக்கிறார்கள். சிக்னல் குறைந்தால் அடுத்த துண்டு தரம் குறைந்ததாக வரும். அதில் முதலில் வெட்டுப்படுவது நெருக்கமான அச்சுகள். முகத்துக்கு அவை பெரிதாகத் தேவையில்லை. ஓலைப் பின்னலோ அந்த நெருக்கமான கோடுகளேதான். அவை போனதும் கட்டத்துக்கு ஒரு நிறம்தான் மிஞ்சும். பக்கத்துக் கட்டத்தின் விளிம்போடு அது பொருந்தாது. நீங்கள் பார்த்த சதுரங்கள் அவைதான்.

தரத்தை நீங்களே 720க்கு மாற்றி வையுங்கள். நின்று நின்று வந்தாலும் பின்னல் தெளிவாக வரும். அப்புறம், நீங்கள் சொல்லித்தரப் படம் பிடிக்கும் நாளில் கேமராவை நன்றாகக் கிட்டே வையுங்கள். ஒரே ஓலை பல கட்டங்களை நிரப்பினால் முதல் அச்சே அதைக் காப்பாற்றிவிடும். ஆத்தங்குடித் தரைமேல் வைத்துப் பிடிக்க வேண்டாம். கேமரா ஆடும்போதெல்லாம் அந்தப் பூவேலை, ஓலைக்குச் சேர வேண்டிய டேட்டாவைத் தின்றுவிடும். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் முடையுங்கள்.