அவே சப்போர்ட்: சொல் விளக்கம்

ஒரு கால்பந்து கிளப் எதிரணியின் ஊருக்குப் போய் ஆடும்போது, டிக்கெட் எடுத்துக் கூடவே கிளம்பும் கூட்டத்தை இங்கிலாந்தில் 'அவே சப்போர்ட்' என்பார்கள். தமிழில் நாம் 'வெளியூர் ரசிகர்கள்' என்று எழுதிவிடுகிறோம். அதில் குழப்பம் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து லிவர்பூலுக்காகத் தூக்கம் கெடுப்பவரும் வெளியூர் ரசிகர்தானே? அவர் அவே சப்போர்ட் ஆகமாட்டார். லிவர்பூல்காரர் ரயிலேறி நியூகாசில் போனால் ஆவார்.

'சப்போர்ட்' லத்தீனிலிருந்து வந்தது. கீழிருந்து சுமப்பது, அதாவது தாங்குவது. 'அவே' பழைய ஆங்கிலச் சொல். அதன் உறுப்புகளைப் பிரித்தால் 'வழியில்' என்றே வரும். அப்பால், தொலைவில் என்ற பொருளெல்லாம் அதிலிருந்து விரிந்தவை.

கூடவே 'ஃபேன்' என்பதையும் பார்த்துவிடலாம். கோயிலைக் குறிக்கும் லத்தீன் 'ஃபானும்' என்பதிலிருந்து 'ஃபெனடிக்' வந்தது. சாமி வந்தவர்போல வெறி ஏறியவர். அதன் குறுக்கம்தான் ஃபேன். அதை யாரோ வேடிக்கையாக 'விசிறி' ஆக்க, அதுவும் நிலைத்துவிட்டது. 'ரசிகர்' என்றால் ரசத்தை, சுவையை நுகர்பவர். இத்தாலியர் சொல்லும் 'டிஃபோசி'யில் இருப்பது டைஃபஸ் காய்ச்சல். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. சுவைக்க வந்தவர் ஆட்டம் சப்பென்றிருந்தால் எழுந்து போகலாம்; காய்ச்சல் கண்டவருக்கு அந்த வசதி கிடையாது.

அவே சப்போர்ட் கூட்டம் ஒரு வாரம் நிரம்பி வழியும், மறுவாரம் பாதியாகும். உடனே 'லாயல்டி' பற்றிய சண்டை தொடங்கிவிடும். லாயல், லீகல் இரண்டும் சட்டத்தைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. கிளப்புகள் இன்று அதை மறுபடி சட்டமாகவே ஆக்கிவிட்டன. இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் விதிப்படி வருகிற அணிக்கு 3,000 டிக்கெட். சிறிய மைதானமென்றால் இருக்கைகளில் 10 சதவீதம். பெரிய கிளப்புகளுக்கு இது போதாது. ஆகவே நேரில் போய்ப் பார்த்த ஆட்டங்களுக்கு 'லாயல்டி பாயின்ட்' தந்து, புள்ளி அதிகம் உள்ளவருக்கு முதலில் டிக்கெட் தருகிறார்கள். புள்ளிக்காக டிக்கெட் எடுத்து வேறொருவரை அனுப்புகிறவர்களும் உண்டு! லாயல்டிக்கு 'விசுவாசம்' என்று எழுதினால் எஜமான் வாசனை அடிக்கிறது. நாட்டுப்பற்று, மொழிப்பற்று போல 'அணிப்பற்று' என்பதே சரி.

எண்ணிக்கை குறைந்தாலே பற்று குறைந்தது என்று முடிவுகட்டவும் கூடாது. நியூகாசிலிலிருந்து போர்ன்மவுத் ஏறத்தாழ 550 கி.மீ. தொலைக்காட்சிக்காக ஆட்டத்தைத் திங்கள் இரவுக்குத் தள்ளினால், முடியும்போது வீடு திரும்ப ரயில் இருக்காது. செலவும் ஒரு காரணம். ரசிகர்கள் போராடியதால்தான் 2016-17 பருவத்திலிருந்து பிரீமியர் லீக்கில் அவே டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்று உச்சவரம்பு வந்தது.

வென்றால் மட்டும் வருகிறவரை அங்கே 'குளோரி ஹண்டர்' என்பார்கள்; 'பிளாஸ்டிக்' என்றும் கேலி செய்வார்கள். நமக்குப் புதுச்சொல் தேவையில்லை. மூதுரை சொல்லும் 'அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை' இவர்தான். மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களைப் பார்த்து, "மோசமாக ஆடியபோது எங்கே போயிருந்தீர்கள்?" என்று எதிரணிக் கூட்டம் பாடும். பழைய சிட்டிக்காரரிடம் அதற்குப் பதில் இருக்கிறது: யார்க். 1998 டிசம்பரில், மூன்றாம் அடுக்கில் கிடந்த சிட்டி, யார்க் சிட்டியின் சின்ன மைதானத்தில் 2-1 என்று தோற்றது. அன்று அங்கே நின்றிருந்தேன் என்பது இன்றைக்கும் ஒரு பட்டம்தான்.

ஆனால் மூதுரை இங்கே முழுதாகப் பொருந்தாது. அதில் உறவு எனப்படுவது குளத்தோடு ஒட்டிக் கிடக்கும் கொட்டியும் ஆம்பலும். சொந்த மைதானத்துக்கு அது சரி. அவே சப்போர்ட் இடம்பெயர்ந்து பற்றைக் காட்டுவது. அதனால் என் பரிந்துரை 'வழித்துணை'. அவேயில் உள்ள வழியும் சப்போர்ட்டில் உள்ள தாங்கலும் இதில் ஒருசேர வந்துவிடுகின்றன. புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. வேலூர்ப் பக்கம் விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கு வழித்துணைநாதர் என்றே பெயர். 'யார்க்கில் சிட்டியின் வழித்துணை' என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. ஆட்களைச் சொல்ல 'வழித்துணையர்' எனலாம்.

'வருகை ரசிகர்' என்ற சொல்லும் காதில் படுகிறது. ஸ்பானியரின் 'விசிடாண்டே'வும் அதே பொருள்தான். அர்ஜென்டினா 2013இல் மைதானத்துக்குள் விடாமல் தடுத்தது இவர்களைத்தான். லூட்டன் டவுன் கிளப் 1986இலிருந்து நான்கு பருவங்களுக்குத் தன் வாசலை அடைத்ததும் இவர்களுக்குத்தான். 'வருகை ரசிகர்' என்பது மைதானத்துக்காரர் பார்வையில் பிறந்த சொல். போலீஸ் அறிவிப்புக்கும் டிக்கெட் கவுன்டருக்கும் அது போதும்.