இடம் மாறும் பணியாளரும் இடம் மாறாத தகவலும்

அரசின் ரகசியக் கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகும்போது இரண்டு உறைகளுக்குள் போகும். உள் உறையில் ‘ரகசியம்’ என்ற முத்திரையும் பெறுநரின் பெயரும் அரக்கும் இருக்கும். வெளி உறையில் முகவரி மட்டுமே இருக்கும். உள்ளே ஓர் ஒப்புகைச் சீட்டும் வைக்கப்பட்டிருக்கும். பெற்றவர் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்; சீட்டு திரும்பி வரவில்லை என்றால் அனுப்பியவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தில் இத்தகைய கோப்புகளைக் கையாளும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒரு தாள் இடம் மாறும்போது இவ்வளவு கவனம் காட்டும் நாம், அந்தத் தாளைத் தினமும் கையில் வாங்கும் மனிதர் இடம் மாறும்போது ஏறக்குறைய எதையுமே செய்வதில்லை என்பது எனக்குப் பணிக்காலத்தின் நடுவில்தான் உறைத்தது.

அப்போது எங்கள் பிரிவுக்கு வேறொரு துறையிலிருந்து ஒரு நேர்முக உதவியாளர் மாற்றலாகி வந்தார். தட்டச்சில் கெட்டிக்காரர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவருடைய பணிப்பதிவேடு வந்தது. விஜிலன்ஸ் சான்று வந்தது. ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை என்ற ஒற்றை வரியும் வந்தது. நான்கு மாதம் கழித்து, ஒரு மாலையில் அவருடைய பையில் ரகசியக் குறிப்பொன்றின் வரைவுப் பிரதி இருந்ததை வாயிற்காவலர் கண்டுபிடித்தார். வீட்டில் வைத்துத் திருத்தலாம் என்று எடுத்துச் சென்றதாக அவர் சொன்னார். விசாரித்ததில் அது உண்மை என்றே தெரிந்தது. அடுத்த வாரம் அவருடைய பழைய துறையின் பிரிவு அலுவலரைத் தற்செயலாகக் கேன்டீனில் சந்தித்தேன். தேநீர் குடித்துக்கொண்டே, “அங்கேயும் ஆரம்பிச்சுட்டாரா? இங்க ரெண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லியிருக்கோம் சார்,” என்றார். இரண்டு முறையும் வாய்மொழி எச்சரிக்கைதான். எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இல்லாததால் எங்களுக்கு அனுப்புவதற்கும் எதுவும் இல்லாமல் போயிற்று.

அந்தப் பிரிவு அலுவலர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவருடைய வாழ்க்கையைக் கெடுத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் அவர் எழுதாமல் விட்டார். ஆனால் துறைகளுக்கு இடையிலான பாதுகாப்பு ஒருங்கிணைப்பு என்று நாம் பெரிய சொற்களால் பேசும் விஷயம், கடைசியில் இப்படி ஒரு சிறிய செய்தி ஓர் அலுவலகத்தின் சுவரைத் தாண்டியதா இல்லையா என்பதில்தான் வந்து நிற்கிறது.

பணியில் சேரும்போது நடக்கும் முன்வரலாறு சரிபார்ப்பிலேயே இந்த இடைவெளி தொடங்கிவிடுகிறது. மத்திய அரசுப் பணிக்குத் தேர்வானவர் நிரப்பும் சான்றொப்பப் படிவத்தில், கடந்த 5 ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வசித்த இடங்களைக் குறிப்பிட வேண்டும். அந்த மாவட்டங்களுக்குப் படிவம் போகும். உள்ளூர்க் காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். நம் நாட்டில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடப்படுகிறது. வேலை தேடும் இளைஞர் 11 மாதம் பெங்களூரிலும், 10 மாதம் ஹைதராபாத்திலும், மீண்டும் 11 மாதம் வேறோர் ஊரிலும் இருந்திருந்தால், படிவத்தில் அவருடைய சொந்த ஊர் மட்டுமே தங்கும். சொந்த ஊர்க் காவல் நிலையமோ, பல ஆண்டுகளாக அவரைக் கண்ணால் காணாத அண்டை வீட்டாரிடம் விசாரித்துவிட்டு, “பாதகமாக எதுவும் இல்லை” என்று எழுதும். அதில் பொய் எதுவும் இல்லை; அவர் உண்மையில் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. இளம் வயதில் ஏதோ ஒரு போராட்டத்தில் கோஷம் போட்டதற்காகப் பதிவான சிறிய வழக்கை எழுதாமல் விட்டதற்காக வேலையை இழந்தவர்கள் பலர். அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்து வைத்தது. தகவல் உண்மையாக இருக்க வேண்டும். அற்பமான வழக்கு மறைக்கப்பட்டிருந்தால் பணி வழங்குபவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டுமே ஒருவரைப் பணியமர்த்தியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படிவத்தில் தெளிவாகக் கேட்கப்படாத ஒன்றைச் சொல்லவில்லை என்று ஒருவரைத் தண்டிக்க முடியாது. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு ஒருவரைப் பற்றி எழுதும்போதும் இதே அளவுகோலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வதந்தி பயணம் செய்யக் கூடாது. சம்பந்தப்பட்டவருக்குக் காட்டப்பட்டு, அவருடைய விளக்கமும் சேர்க்கப்பட்ட குறிப்பு மட்டுமே பயணம் செய்ய வேண்டும்.

ரகசியம் கசிந்த வழக்குகளில், அந்த ரகசியம் எந்தக் கையால் வெளியே போனது என்று பார்த்தால் பெரும்பாலும் பெரிய பதவிகள் தென்படுவதில்லை. அரசு ஆவணங்கள் வெளிநாட்டவருக்கு விற்கப்பட்டதாக 1985 ஜனவரியில் வெளிவந்த கூமர் நாராயண் வழக்கில் பிடிபட்டவர்களுள் பலர் நேர்முக உதவியாளர்கள். பிரதமர் அலுவலகம், குடியரசுத் தலைவர் செயலகம், பாதுகாப்பு உற்பத்தித் துறை என அவர்கள் வெவ்வேறு அலுவலகங்களில் இருந்தார்கள். ஆவணங்கள் வெளியே போய்ப் பிரதி எடுக்கப்பட்டு மீண்டும் தம் இடத்துக்கு வந்துவிட்டன. எந்தக் கோப்பும் காணாமல் போகாததால் எந்த அலுவலகமும் தேடவில்லை. தம் அலுவலகத்தில் நடந்ததற்குப் பொறுப்பேற்றுப் பிரதமரின் முதன்மைச் செயலர் பி.சி. அலெக்சாண்டர் பதவி விலகினார். பின்னாளில் தமிழக ஆளுநராக நாம் அறிந்தவர் அவர்தான். வழக்கில் தீர்ப்பு வர 2002 ஆயிற்று. 2015 பிப்ரவரியில் பெட்ரோலிய அமைச்சக ஆவணங்கள் கசிந்ததாக டெல்லி காவல்துறை தொடுத்த வழக்கிலும், போலி அடையாள அட்டைகளும் மாற்றுச் சாவிகளும் கொண்டு இரவில் சாஸ்திரி பவனுக்குள் நுழைந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. கைதானவர்களுள் கடைநிலைப் பணியாளர்களும், முன்பு அங்கே தற்காலிகமாக வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். வேலை முடிந்து போனவரின் நுழைவுச் சீட்டையும் சாவியையும் யார் திரும்ப வாங்குவது என்ற கேள்வி அன்றிலிருந்து என் மனத்தை விட்டுப் போகவில்லை.

நம் நாட்டில் இத்தகைய நிகழ்வுகளின் உள்விசாரணை அறிக்கைகள் பெரும்பாலும் வெளிவருவதில்லை. அமெரிக்காவில் வெளிவருகின்றன. அதனால் இந்தத் துறையில் இருக்கும் நம்மவர்கள் அவற்றைப் படித்தே பலவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் ஆரன் அலெக்சிஸ் என்ற ஒப்பந்தப் பணியாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். உள்ளே நுழைய அவரிடம் முறையான அடையாள அட்டை இருந்தது. ‘ரகசியம்’ நிலையிலான ஆவணங்களைப் பார்க்க உரிமை தரும் பாதுகாப்பு அனுமதியும் இருந்தது. அந்த அனுமதி 2008இல், அவர் கடற்படையில் இருந்தபோது வழங்கப்பட்டது. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே, 2004இல், சியாட்டில் நகரில் ஒருவருடைய காரின் டயர்களைத் துப்பாக்கியால் சுட்டதற்காக அவர் கைது செய்யப்பட்டிருந்தார். அனுமதி கொடுத்த அதிகாரிகளின் மேசைக்கு வந்த பின்புல அறிக்கையில் துப்பாக்கி என்ற சொல்லே இல்லை. டயர்களில் காற்றை இறக்கிவிட்டார் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. விசாரித்தவர்கள் காவல்துறையின் மூல அறிக்கையை வாங்கிப் பார்க்கவில்லை. ‘சுட்டார்’ என்ற இடத்தில் ‘காற்றை இறக்கினார்’ என்று வந்தது; படித்தவருக்கு அது இளைஞர்களின் வம்புச் சண்டையாகத் தோன்றியது.

துப்பாக்கிச் சூட்டுக்கு முந்தைய மாதம், 2013 ஆகஸ்டில், நியூபோர்ட் நகர விடுதி ஒன்றில் தங்கியிருந்த அவர், சுவருக்கு அப்பாலிருந்து குரல்கள் கேட்பதாகவும் நுண்ணலைக் கருவியால் தம் உடலுக்குள் அதிர்வுகள் அனுப்பப்படுவதாகவும் காவலர்களிடம் சொன்னார். காவலர்கள் அந்த அறிக்கையை அங்கிருந்த கடற்படைத் தளத்துக்கு அனுப்பினார்கள். அது அங்கேயே நின்றுவிட்டது. அவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்த நிறுவனமும் அச்சப்பட்டு அவருடைய அனுமதியைச் சில நாள் நிறுத்தி வைத்து, பிறகு யாருக்கும் தெரிவிக்காமலே திரும்பக் கொடுத்துவிட்டது. நகரக் காவல்துறை, கடற்படைத் தளம், ஒப்பந்த நிறுவனம் என மூவரிடமும் ஒவ்வொரு துண்டு இருந்தது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய கடமை எவர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கேன்டீன் தேநீர்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

பத்தாண்டு கழித்து, 2023இல், விமானப்படையின் மாசசூசெட்ஸ் மாநிலக் காவற்படையில் இருந்த ஜாக் டெஷேரா என்ற இளைஞர் ரகசிய ஆவணங்களை இணைய அரட்டைக் குழுவில் பகிர்ந்து பிடிபட்டதும் இதே வகைதான். அவர் தம் வேலைக்குத் தொடர்பில்லாத உளவுத் தகவல்களைப் படித்துக் குறிப்பெடுப்பதை மேலதிகாரிகள் 2022 செப்டம்பரிலேயே கண்டு தடுத்தார்கள். அக்டோபரில் மீண்டும் எச்சரித்தார்கள். பாதுகாப்பு அதிகாரிகளிடம் முழுமையாகச் சொன்னால் விஷயம் பெரிதாகிவிடும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டவர்கள் இருந்தார்கள் என்று விமானப்படையின் விசாரணை பிறகு கண்டறிந்தது. நல்லெண்ணமும் தயக்கமும் உலகெங்கும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கின்றன போலும்.

அமெரிக்கர்கள் இதற்குக் கண்ட வழிகளில் சில நமக்கும் பயன்படும். 2008ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, எல்லாத் துறைகளுக்குமான பாதுகாப்பு அனுமதிக் கொள்கையின் பொறுப்பைத் தேசிய உளவுத்துறை இயக்குநர் என்ற ஒரே பதவியிடம் ஒப்படைத்தது. ஒரு துறை கொடுத்த அனுமதியை இன்னொரு துறை மீண்டும் முதலிலிருந்து விசாரிக்காமல் ஏற்க வேண்டும், அந்த முடிவையும் 5 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. 5 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுவிசாரணை என்றிருந்த முறைக்குப் பதிலாக, கைது, கடன் நெருக்கடி போன்ற செய்திகள் தாமாகவே வந்து சேரும் தொடர் சரிபார்ப்பு முறையும் வந்தது.

இதையெல்லாம் அப்படியே எடுத்துவந்து ஒரே கணினியில் எல்லோருடைய விவரங்களையும் கொட்டிவிடலாம் என்று எவராவது சொன்னால், அவரிடம் 2015ஐ நினைவூட்ட வேண்டும். அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகக் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 2.15 கோடிப் பேரின் பின்புல விசாரணை விவரங்களை எடுத்துச் சென்றார்கள். அவற்றுள் 56 லட்சம் பேரின் விரல்ரேகைகளும் இருந்தன. அனுமதி கேட்டு ஒருவர் நேர்மையாக எழுதிக் கொடுத்த கடன், மனநல சிகிச்சை, வெளிநாட்டு உறவினர்கள் எல்லாமே அதில் இருந்தன. கடவுச்சொல்லை மாற்றலாம், விரல்ரேகையை மாற்ற முடியாது. ஒருங்கிணைப்புக்குக் குவிப்பு தேவையில்லை. கேட்க வேண்டியவர் கேட்டால், சொல்ல வேண்டியவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் ‘ரகசியம்’ முத்திரை குத்தும் பழக்கம் பாதுகாப்பைப் பலவீனமாக்குகிறது. கூட்ட அழைப்பிதழுக்கும் அந்த முத்திரை, எல்லைப் பகுதி வரைபடத்துக்கும் அந்த முத்திரை என்றானால், கீழே இருப்பவர் இரண்டையும் ஒரே மாதிரி கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் துணிந்துவிடுகிறார். 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் ரகசியச் சட்டத்துக்கு மேலாக நிற்கும் வகையில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2006இல் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே அந்தப் பழைய சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது. முத்திரை குத்தும் கை மட்டும் இன்னும் பழைய வேகத்திலேயே இருக்கிறது.

கேன்டீன் சந்திப்புக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒற்றைப் பக்கத் தாள் ஒன்றை வழக்கத்துக்குக் கொண்டுவந்தோம். எங்களிடமிருந்து எவர் மாற்றலாகிப் போனாலும், அயற்பணியில் சென்றாலும், ஒப்பந்தம் முடிந்து வெளியேறினாலும், விடுவிப்பு நாளில் அந்தத் தாள் நிரப்பப்படும். நுழைவுச் சீட்டு திரும்பியதா, சாவிகள் வந்தனவா, கணினிக் கணக்கு மூடப்பட்டதா, எந்த வகைக் கோப்புகளைக் கையாண்டார், பாதுகாப்பு விதி தொடர்பாக எழுத்தில் ஏதேனும் அறிவுறுத்தப்பட்டாரா, அதற்கு அவர் தந்த விளக்கம் என்ன என்பவை மட்டுமே அதில் இருக்கும். போகிறவரே அதைப் படித்துக் கையெழுத்திடுவார். ஒரு பிரதி, இரட்டை உறையில், ஒப்புகைச் சீட்டுடன், அவர் சேரப்போகும் அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலருக்குப் போகும். முதலில் பலர் முகம் சுளித்தார்கள். தாளைத் தாமே படித்துக் கையெழுத்திடுவதால், தமக்குத் தெரியாமல் எதுவும் எழுதப்படவில்லை என்று தெரிந்தபின் சுளிப்பு குறைந்தது. வாய்மொழியாகக் கண்டிக்கும் வழக்கமும் நின்று, கண்டிக்க வேண்டியதை எழுதிக் கண்டிக்கும் பழக்கம் வந்தது. கண்டிக்கத் தேவையில்லாதவை தானாகவே விடுபட்டன.

பணி நியமன ஆணை கையில் வந்து, சான்றொப்பப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கிய ஊர்களைப் படிவம் கேட்காது. தனித்தாளில் அந்த முகவரிகளையும் தங்கிய மாதங்களையும் எழுதி, கையெழுத்திட்டு, படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். பழைய வழக்கு ஏதும் இருந்தால், அது முடிந்துபோயிருந்தாலும், வழக்கு எண்ணோடும் முடிவோடும் எழுதுங்கள். நீதிமன்ற உத்தரவின் நகல் இருந்தால் இணையுங்கள். கொடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியை உங்கள் வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றலின்போதும் அது தேவைப்படும்.