நிட்டிங் பழகும் கைகளின் இறுக்கம்

மணிக்கட்டு வலி, பெருவிரல் வலி என்று என்னிடம் வருகிறவர்களிடம், அவர்களுடைய அன்றாட வேலை என்னவென்று முதலில் கேட்டுக்கொள்வது என் வழக்கம். நாகர்கோவிலில் இருந்துகொண்டு இயன்முறை சிகிச்சை செய்யும் ஒருவருக்கு அந்தப் பதில்கள் பெரும்பாலும் பழகியவைதான்: முந்திரி ஆலையில் பருப்பு உரிப்பது, விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுவது, சிரவையில் தேங்காய் திருவுவது, துவைத்த துணியை முறுக்கிப் பிழிவது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பு வேலை பார்ப்பது. அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. செல்போனில் வீடியோ பார்த்து நிட்டிங் (இரண்டு நீண்ட ஊசிகளால் நூலைக் கோத்துத் துணி பின்னுவது) பழகத் தொடங்கியிருக்கிறேன், பழகத் தொடங்கியபின் கை வலிக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல ஒரு கைத்தொழிலை விரும்பித் தொடங்கியவர்கள் இரண்டே மாதத்தில் ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவதைப் பார்த்தபின்தான் இதை எழுதத் தோன்றியது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஊசியை மூடிவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

தக்கலைக்கு அருகிலிருந்து ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா வந்திருந்தார். மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது, பேரக் குழந்தைக்குத் தன் கையால் ஒரு தொப்பியாவது பின்னிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பகலெல்லாம் வீட்டு வேலை. இரவுச் சாப்பாடு முடிந்தபின் இரண்டரை மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம், ஒரே இருப்பில் பின்னல். “ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மரத்துப் போயி, எழும்பி இருந்து உதறிக்கிட்டே இருக்கேன் டாக்டர்” என்றார். எந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்று கேட்டபோது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் தொட்டுக் காட்டினார், சுண்டுவிரலைத் தொடவில்லை. அடுத்த முறை வரும்போது பின்னிக்கொண்டிருக்கும் துணியை ஊசியோடு அப்படியே எடுத்துவரும்படி சொன்னேன். நிட்டிங் பழகும் எவரிடமும் நான் இதைக் கேட்பதுண்டு, ஏனென்றால் கை எப்படி உழைக்கிறது என்பதைக் கையைவிடத் தெளிவாகத் துணி காட்டிவிடும்.

அவர் கொண்டுவந்தது உள்ளங்கை அகலமுள்ள ஒரு மஞ்சள் துண்டு. நான்கு மில்லிமீட்டர் உலோக ஊசியில் 20 கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், ஏற்றித் தொடங்கியிருக்கிறார். ஊசியில் அப்போது இருந்தவை 27. அடிப்பக்கத்து முதல் நாலைந்து வரிசைகள் கயிறுபோல் விறைத்திருந்தன, ஊசி முனையை அவற்றுக்குள் நுழைக்க நானே விரலால் அழுத்த வேண்டியிருந்தது. ஊசியை அசைத்துப் பார்த்தால் கண்ணிகள் நகரவில்லை. அவருடைய இடக்கைச் சுட்டுவிரல் நுனியில் சிவந்த ஒரு சிறு தழும்பு இருந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் எதிர் ஊசியின் முனையை அந்த விரலால் தள்ளித் தள்ளி வந்த தழும்பு அது. வலிக்கான காரணத்தில் பாதி அந்த மஞ்சள் துண்டிலேயே எழுதியிருந்தது என்று சொல்லலாம்.

கண்ணி இறுகுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் பெரும்பாலான தொல்லைகள் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. நிட்டிங் ஊசியின் முனை கூம்பியிருக்கும். அளவு என்று அட்டையில் போட்டிருப்பது கூம்பைத் தாண்டிய தண்டுப் பகுதியின் பருமன். புதிதாகப் பழகுகிறவர்கள் கண்ணி நழுவிவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் முனைக்கு அருகிலேயே செய்கிறார்கள். கூம்பின் மெல்லிய பகுதியில் உருவான கண்ணி தண்டின் பருமனுக்குப் போதாது. அதைத் தண்டுக்குத் தள்ளும்போது அது தண்டை நெரித்துப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் நூலை ஒரு இழுப்பு இழுத்து வைக்கிறார்கள். அடுத்த வரிசையில் அந்த இறுகிய கண்ணிக்குள் ஊசியை நுழைக்க வலிமை வேண்டும், வலிமைக்காக ஊசியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கிட்டிபோல் பிடிக்க வேண்டும், பிடி இறுகும்போது மணிக்கட்டு தானாக மடிகிறது, தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன. ஒரு வரிசையில் 20 கண்ணி என்றால் நூறு வரிசையில் 2,000 முறை இந்தப் பிடியும் மடிப்பும் நடக்கின்றன.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் இடையே குறுகிய வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகத்தான் கைக்குள் செல்கின்றன. மணிக்கட்டை மடக்கியபடியே விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த வழியில் அழுத்தம் கூடி, நரம்பு நசுங்கத் தொடங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும், தூக்கத்தில் மணிக்கட்டு மடிந்து கிடக்கும்போது மரப்பு கூடி எழுப்பிவிடும். கார்ப்பல் டனல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பெண்களுக்கு, குறிப்பாகக் கர்ப்ப காலத்திலும், சர்க்கரை நோயோ தைராய்டு குறைபாடோ உள்ளவர்களுக்கும் இது எளிதில் வரும். ஆகவே எல்லாப் பழியையும் ஊசியின் மேல் போட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது அப்படித்தான் தெரியவந்தது. பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வரும் வலி வேறு வகை. அது அங்கே செல்லும் இரண்டு தசைநாண்களின் உறை தடிப்பதால் வருவது, குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் இளம் தாய்மாரிடம் அதிகம் காண்பது.

இந்த அம்மாவை நான் பின்னலை நிறுத்தச் சொல்லவில்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன்; மருத்துவர் தைராய்டுக்கு மருந்து தொடங்கினார். பின்னலில் செய்த மாற்றம் மூன்றுதான். ஊசியை ஐந்து மில்லிமீட்டர் மூங்கில் ஊசிக்கு மாற்றினோம். கண்ணியைத் தண்டின் பருமனான பகுதியில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்று பழக்கினோம், நூலை இழுக்கும் அந்தக் கடைசி இழுப்பை அறவே விட்டுவிடச் சொன்னேன். மூன்றாவது மாற்றம் நேரம்: இரவு மூன்று மணி நேரத்துக்குப் பதிலாக, காலையில் ஒரு கால் மணி, மதியம் ஒரு கால் மணி, மாலையில் ஒரு கால் மணி. இதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது, முக்கால் மணி நேரத்தில் என்ன பழகிவிட முடியும் என்று நினைத்திருப்பார். கை புதிய அசைவைப் பழகுவது இடைவெளி விட்டுச் செய்யும் பயிற்சியில்தான் நன்றாக நிலைக்கிறது. களைத்த கை தவறான பிடியைத்தான் திரும்பத் திரும்பப் பதித்துக்கொள்ளும். வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம், கால் மணி எப்படியும் கிடைக்கும். குக்கர் விசில் வரும்வரை, பள்ளி வாசலில் பிள்ளை வரும்வரை, மார்த்தாண்டம் பேருந்து வரும்வரை என்று அவர் அதைக் கண்டுபிடித்துக்கொண்டார். தேங்காய் திருவிய கையோடும் துணி பிழிந்த கையோடும் உடனே ஊசி எடுப்பதை மட்டும் தவிர்க்கச் சொன்னேன், அவை இரண்டும் பெருவிரலையும் மணிக்கட்டையும் ஏற்கெனவே களைக்க வைத்திருக்கும்.

நம் மாவட்டத்துக் கைகளுக்கு நூல் புதிதல்ல. 1820களில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டில் குண்டூசி நட்டு, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை அது. முளகுமூட்டில், 1897-இல் வந்த மதர் மேரி லூயிஸ் தெ மீஸ்டர் தொடங்கிய துறவற சபையின் சகோதரிகளும் பெண்களுக்குக் கைவேலை கற்பித்தார்கள். இளவயதில் அவ்வகை வேலை செய்த பாட்டிமார் சிலர் கழுத்து வலிக்காக என்னிடம் வந்ததுண்டு. பிடியில் அவர்களிடம் குறை ஏதும் இல்லை. தலையைக் குனிந்தபடியே கழித்த ஆண்டுகள்தான் கழுத்தில் மிச்சமிருந்தன. மடியில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் முழங்கைகளைத் தாங்கினால் துணி தானாகக் கண்ணை நோக்கி உயரும், தலை குனிய வேண்டியிராது.

இன்னொரு காட்சியும் எனக்குப் பாடமாக இருந்தது. முட்டம் கடற்கரையில் வலை பழுதுபார்க்கும் ஒரு பெரியவரை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார், ஆகவே கைக்கு இழுக்கும் வேலை இல்லை. முடிச்சு விழும் அந்த ஒரு நொடியில் மட்டும் விரல்கள் இறுகின, மற்ற நேரமெல்லாம் தளர்ந்திருந்தன. கண்ணியின் அளவு மாறாமலிருக்க ஒரு சிறு பட்டையை உள்ளே கொடுத்துப் பின்னினார். நிட்டிங்கில் அந்தப் பட்டையின் வேலையை ஊசியின் தண்டு செய்கிறது. ஒரு வேறுபாட்டையும் நினைவில் வைக்க வேண்டும்: வலையில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு, நிட்டிங்கில் முடிச்சே இல்லை, ஒரு கண்ணி அடுத்த கண்ணியைத் தாங்குகிறது. அதனால்தான் ஒன்று நழுவினால் ஏணிபோல் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, அதனால்தான் புதியவர்கள் பயந்து இறுக்குகிறார்கள். நழுவிய கண்ணியைக் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் பிடித்து, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதன் வழியாக மேலே இழுத்து எடுத்துவிடலாம். இதை முதல் வாரத்திலேயே, வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டுப் பழகிக்கொள்ளுங்கள். எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்த அன்றே பிடி பாதி தளர்ந்துவிடும்.

அந்த அம்மாவின் 20 கண்ணி 27 ஆனதற்கும் இதே போன்ற எளிய காரணம்தான். வரிசையைத் திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் எடுத்துப் போட்டால், ஓரத்துக் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிபோல் தெரியும். அவற்றை இரண்டாகப் பின்னிவிட்டால் வரிசைக்கு ஒன்று கூடிவிடும். நூலை ஊசிக்குக் கீழாகப் பின்பக்கம் கொண்டுபோனால் தீர்ந்தது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுவது சலிப்பாக இருந்தாலும் முதல் மாதத்தில் எண்ணத்தான் வேண்டும்.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் உல்லன் நூல் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக். அதற்குச் சற்று நெகிழ்வு உண்டு, பழகும் கைக்கு அது நல்லது. பருத்தி நூல் நம் வெயிலுக்கு ஏற்றது, ஆனால் அது இழுத்தால் நெகிழாது, இறுக்கிப் பின்னுகிறவர்களின் விரல்களை விரைவில் நோகச் செய்யும். பிடி தளர்ந்தபின் அதற்கு மாறலாம். கறுப்பு, கருநீலம், உரோமம் படர்ந்த நூல் எதுவும் தொடக்கத்தில் வேண்டாம், கண்ணி தெரியாமல் கண்ணும் கழுத்தும் நோகும். உள்ளங்கை வியர்க்கும் நாட்களில் நூல் ஊசியில் ஒட்டும், கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். நூலை வலக்கையால் சுற்றிப் போடும் முறை, இடக்கைச் சுட்டுவிரலில் தாங்கி ஊசியால் கோத்தெடுக்கும் முறை இரண்டில் எது சிறந்தது என்று என்னிடம் கேட்பார்கள். குரோஷா தெரிந்தவர்களுக்கு இரண்டாவது எளிதாக வரும், ஏனெனில் அவர்களின் இடக்கை ஏற்கெனவே நூலைத் தாங்கிப் பழகியது. வலிக்காத முறை எதுவோ அதைத் தொடருங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் ஊசியை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவில் மட்டும் வந்த மரப்பு பகலிலும் நீங்காமல் நிற்பது, கையிலிருந்து டம்ளர் நழுவுவது, பெருவிரலின் அடிச்சதை வற்றிக் குழிவிழுவது ஆகியவை நரம்பு நெடுநாளாக நசுங்கியிருப்பதைக் காட்டுகின்றன. இந்த நிலையில் தைலம் தேய்த்துக்கொண்டு மாதங்களைக் கடத்துவதுதான் நான் பார்க்கும் பெரிய இழப்பு, ஏனென்றால் வற்றிய தசை முழுமையாகத் திரும்பாமல் போகலாம். மடக்கிய விரல் பூட்டிக்கொண்டு நிமிராவிட்டாலோ, காலையில் எழுந்தபின் அரை மணி நேரத்துக்கு மேல் பல மூட்டுகள் விறைத்திருந்தாலோ காரணம் வேறாக இருக்கும், அதையும் காட்டிவிட வேண்டும்.

ஆறு வாரம் கழித்து அந்த அம்மா இரண்டு துண்டுகளை மேசையில் வைத்தார். பழைய மஞ்சள் துண்டும், அதே நூலில் அதே 20 கண்ணியில் பின்னிய புதியதும். புதியது பழையதைவிட ஒரு விரலளவு கூடுதல் அகலமாக, தொட்டால் தொய்வாக இருந்தது, கண்ணிகள் ஊசியில் தாமாகவே வழுக்கின. இரவில் எழும்புவது நின்றிருந்தது. புதிய துண்டின் கடைசி ஓரம் மட்டும் சுருங்கி உள்ளே இழுத்திருந்தது. பின்னலை முடித்து மூடும் வரிசையில் பழைய பயம் திரும்பி வந்துவிடுகிறது, அனேகமாக எல்லோருக்கும். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தொப்பிக்கு மென்மையான பருத்தி நூல் வாங்கலாம் என்றும், நம் ஊர்ப் புழுக்கத்தில் குழந்தை தூங்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும் என்றும் பேசிக்கொண்டோம். பழகிய அந்த அக்ரிலிக் துண்டுகளைச் சோற்றுப் பானை பிடிக்க வைத்துக்கொள்ளப்போவதாக அவர் சொன்னபோது தடுத்தேன். அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். பானை பிடிக்கப் பருத்தி நூலில் இரட்டை மடிப்பாக ஒன்று பின்னுவதையே அடுத்த வேலையாக அவர் எடுத்துக்கொண்டார், 30 கண்ணியில்.