சிரப் என்றால் மணப்பாகு

இருமல் வந்தால் "ஒரு சிரப் வாங்கிக் குடி" என்கிறோம். சிலர் அதையே டானிக் என்பார்கள். டானிக் என்பது தெம்பூட்டும் மருந்து. இருமலுக்கு ஏன் தெம்பேற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சரி, அது கிடக்கட்டும். சிரப்பின் கதைதான் சுவையானது.

வேர் அரபு மொழியில் இருக்கிறது. அங்கே 'ஷராப்' என்றால் குடிப்பதற்கானது, பானம். அரபு மருத்துவர்கள் மூலிகைச் சாற்றோடு சர்க்கரையோ தேனோ சேர்த்துக் காய்ச்சிய மருந்துக்கும் அதே பெயர்தான். அவர்களுடைய நூல்கள் லத்தீனுக்குப் போனபோது சொல்லும் கூடவே போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் சிரப் ஆனது. சர்பத்தும் இதே வேரில் கிளைத்தது. உருதுவிலும் இந்தியிலும் ஷராப் என்றால் மது. ஆக, இருமல் மருந்தும் சர்பத்தும் மதுவும் சொல்லளவில் பங்காளிகள்!

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. சித்த மருத்துவம் சொல்லும் 32 அகமருந்துகளில், அதாவது உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வகைகளில், ஒன்று மணப்பாகு. பாகு பழைய சொல். ஔவையார் பிள்ளையாருக்குத் தருவதாகச் சொல்லும் நான்கு பொருள்களில் பாகும் உண்டு. மூலிகைச் சாற்றையோ குடிநீரையோ சர்க்கரை சேர்த்து, மணம் வரும்வரை காய்ச்சி எடுப்பதால் மணப்பாகு. கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குடிநீர் என்றேனே, அதுவும் மருந்தின் பெயர்தான், பேச்சில் கஷாயம். அதை ஒரு சாமத்துக்குள், அதாவது 3 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். மணப்பாகுக்கோ 6 மாதம் கெடு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சர்க்கரை. பாகில் எடைக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தால், அது தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும்; கிருமி வளர ஈரம் கிடைக்காது. கசப்பை மறைக்க இனிப்பு சேர்த்தார்கள் என்பது பாதி உண்மைதான்.

இருமலுக்குப் பேர்போனது ஆடாதோடை மணப்பாகு. இலையை நறுக்கி, தண்ணீரில் வற்றக் காய்ச்சி, வடிகட்டி, சர்க்கரை போட்டு மறுபடி சிறுதீயில் வைப்பார்கள். முதலில் பச்சை இலை வாடைதான் அடிக்கும். நுரை அடங்கி, வாடை மாறி, ஒரு சொட்டை இரு விரலுக்கிடையில் இழுத்தால் கம்பி போல நீள வேண்டும். அதுதான் பதம். தாண்டினால் ஆறியதும் அடியில் கற்கண்டாக உறைந்துவிடும்.

அப்புறம், அந்தச் செடியின் பெயர். கசப்புக்குப் பயந்து ஆடு தொடாத செடி என்று விளக்கம் சொல்வார்கள். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குத் தாவரப் பெயர் சூட்டியபோது 'அதடோடா' என்றே அதில் சேர்த்தார். செடியின் வேதிப்பொருளும் வெளியே போனது. இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது புரோம்ஹெக்சின். அதிலிருந்து பிறந்தது அம்ப்ராக்சால். சளி இளக என்று மருந்துச்சீட்டில் எழுதப்படும் பல சிரப்புகளில் இவை இருக்கின்றன. மணப்பாகு வேறு, சிரப் வேறு என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இருமலைக் கொண்டுவரும் நோய்களில் ஒன்றான பிராங்கைட்டிஸ் என்பதற்கு மூச்சுக்குழாய் அழற்சி சரியான சொல்; அழல் என்றால் நெருப்பு, குழாயின் உட்சுவர் எரிச்சல் கண்டு சிவந்து வீங்குவது. திடீரென வரும் அழற்சிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். தானாக அடங்கும், ஆனால் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். மணப்பாகு அந்த நாள்களைக் கொஞ்சம் இலகுவாக்கலாம், அவ்வளவுதான். மூச்சுத்திணறல், சளியில் ரத்தம் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தேன் சேர்ந்த எதையும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். சர்க்கரையே சேர்க்காத சிரப்புகளும் இப்போது வருகின்றன. அவற்றைப் பாகு என்பது எனக்கு உறுத்தும். அவற்றுக்கு நீர்மருந்து போதும்.