சுகர் ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு நொதி

"வீட்டு மெஷின் ஒன்று காட்டுகிறது, லேப் ஒன்று சொல்கிறது" என்ற புகாரில் மெஷின்மீது பழி போடுவது எளிது. ஆனால் தவறு பெரும்பாலும் ஸ்ட்ரிப்பிலோ, விரலிலோ, வீட்டு அளவையும் லேப் அளவையும் ஒப்பிட்ட விதத்திலோதான் இருக்கும்.

ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அல்லது குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி உலர்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கிறது. இரத்தம் பட்டதும் அது குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்யும். அப்போது வெளிவரும் எலக்ட்ரான்கள் உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தைத்தான் குளுக்கோமீட்டர் அளக்கிறது. நொதி ஒரு புரதம்; சூட்டில் அதன் உருவம் குலையும். ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப்பில் உள்ள மற்ற வேதிப்பொருள்களும் கெடும். பல ஸ்ட்ரிப் டப்பாக்களில் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். மே மாத வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுவிட்டுப் போனால் சொல்லவே வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்துத் திறந்ததும் உள்ளே நீர் கோக்கும். ஈரம் உறிஞ்சும் பொருள் அந்த டப்பாவிலேயே இருப்பதால், பத்து ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவில் போட்டு ஊருக்கு எடுத்துப்போகாதீர்கள். திறந்த தேதியை டப்பாமேல் எழுதி வையுங்கள். சில வகைகள் திறந்த மூன்று மாதத்தில் காலாவதியாகும், சிலவற்றுக்கு ஆறு மாதம்.

விரலுக்கு வருவோம். சர்க்கரை 100 மி.கி./டெ.லி. (அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராம்) என்றால், ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஒரு மைக்ரோகிராம். பல மெஷின்களுக்கு அரை மைக்ரோலிட்டர் இரத்தமே போதும். அப்படியானால் விரலில் ஒட்டியிருக்கும் அரை மைக்ரோகிராம் குளுக்கோஸ் 100-ஐ 200 ஆக்கிவிடும். மாம்பழம் நறுக்கிய கையில் இதைவிட எவ்வளவோ மடங்கு ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதற்குப் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். இரத்தம் வரவில்லையென்றால் கையைத் தொங்கவிட்டு நீவிவிடலாம். நுனியைப் பிழிந்தால் திசுநீரும் கலந்து அளவு குறையும்.

லேபோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் 2013 விதிப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் மெஷின் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். லேபில் 200 என்றால் வீட்டில் 170-ம் சரி, 230-ம் சரி. சாப்பிட்ட பிறகு விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே நரம்பில் எடுப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்; எனவே வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் எடுத்ததைத்தான் ஒப்பிட வேண்டும்.

லேப் சொன்னதாலேயே எல்லாம் சரியென்றும் ஆகிவிடாது. குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில், அறை வெப்பத்தில், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃபுளோரைடு இருப்பது இதைத் தடுக்கத்தான். ஆனால் அது முடக்கும் ஈனோலேஸ் நொதி, குளுக்கோஸ் உடையும் தொடரின் கடைசிப் பக்கம் இருக்கிறது. முன்னால் உள்ள நொதிகள் உடனே நிற்காததால் முதல் ஒரு மணி நேரம் இழப்பு தொடரும். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவரிடம், எத்தனை மணிக்குள் லேபுக்குப் போகும் என்று கேட்பதில் தவறே இல்லை.

இரத்தசோகை இருந்தால், சிவப்பணுக்கள் குறைந்திருப்பதால் மெஷின் கூட்டிக் காட்டலாம். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்க முடிவதில்லை. சிறுநீரில் தங்கும் குளுக்கோஸ், சவ்வூடு பரவலால் தண்ணீரையும் தன்னோடு வைத்துக்கொள்ளும். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம். நீர் வற்றி இரத்தம் கெட்டியாகும்போது சிவப்பணுக்களின் விகிதம் கூடும். அப்போது ஸ்ட்ரிப் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். உண்மையில் இன்னும் மோசமாக இருக்கலாம் என்று பொருள். வாந்தி, அரைமயக்கம், உலர்ந்த நாக்கு இருக்கும் முதியவருக்கு மெஷின் 380 காட்டினால் அந்த எண்ணை நம்பிக் காத்திருக்காதீர்கள். திரையில் எண் வராமல் 'ஹை' என்று வந்தால், அளக்கும் எல்லையையே தாண்டிவிட்டது, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. நீரை இழுக்கச் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் தருகிறார்கள். அது உடலில் மால்டோஸாக உடையும். பிக்யூக்யூ (PQQ) வகை குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் உள்ள ஸ்ட்ரிப் மால்டோஸையும் குளுக்கோஸாகவே எண்ணிவிடும். தாழ்ந்திருக்கும் சர்க்கரை உயர்ந்ததாகத் தெரிய, அதை நம்பி இன்சுலின் போட்டு உயிரிழப்புகள் நேர்ந்ததால் 2009-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஸ்ட்ரிப்போடு வரும் தாளில் எந்த நொதி என்று போட்டிருக்கும்.

லோ சுகரிலும் ஒரு நொதிச் சிக்கல் உண்டு. 70-க்குக் கீழே போனால், விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்ப்பது வழக்கம். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சீனி சரிவராது. சீனியை உடைக்கும் குடல் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்களுக்குச் சீனி கலக்காத வெறும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும்: 15 கிராம், ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில். சுவையூட்டிய பாக்கெட்டுகள் சிலவற்றில் சீனியும் இருக்கும், வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.