தழும்பைப் பற்றி டொக்டரிடம் முழுதாகச் சொல்லுங்கள்

இலங்கையில், கொழும்புப் பொலிஸ் தலைமையகத்தின் நாலாம் மாடியிலும் பூசா தடுப்பு முகாமிலும் வதைபட்டு, இங்கிலாந்துக்கு வந்து அகதி அந்தஸ்துக் கேட்டிருக்கும் எங்கள் ஆட்களுக்கு மருத்துவ அறிக்கை எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. சட்டையைக் கழற்றும்போதே பலர் சொல்வது, "டொக்டர், பெரிசா ஒண்டும் தெரியாது." மணல் நிரப்பிய பைப்பால் அடித்தால் தோல் கிழியாமலே இருக்கலாம், கண்டலும் சில கிழமையில் மறைந்துவிடும். தழும்பு இல்லை என்பதால் அடி விழவில்லை என்று ஆகாது. வதையை எப்படிப் பதிவது என்று ஐநா ஏற்றுக்கொண்ட இஸ்தான்புல் நெறிமுறையும் 1999 முதல் இதைத்தான் சொல்லி வருகிறது.

ஒவ்வொரு தழும்பையும் அடிமட்டம் வைத்து அளந்து, சொன்ன கதையோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்து படிகளில் ஒன்றை எழுதுவோம். ஒருவர் முழங்காலைக் காட்டி, "இது சின்ன வயசில சைக்கிளால விழுந்தது" என்றார், கேஸ் பழுதாகிவிடுமோ என்ற பயத்தோடு. பழுதாகாது. அதையும் எழுதினேன், மற்றத் தழும்புகளைப் பற்றி அவர் சொன்னதற்கு அதனால் பலம் கூடியது.

2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. புலிகளின் தங்கம் எங்கே என்று கேட்டு, தடுப்பில் வைத்துக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்றார் அவர். கையில் இருந்த தழும்புகளின் ஓரம் கலங்கியிருந்தது, ஏனென்றால் நினைவோடு இழுத்துப் பறித்திருக்கிறார். முதுகில் ஓரம் நேராக இருந்தது, அப்போது மயங்கிவிட்டார். கீழ் நீதிமன்றமோ, விசாவுக்காக அவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று தள்ளிவிட்டது! அகதிகள் அப்படிச் செய்வதற்கு ஆதாரம் அநேகமாக இல்லவே இல்லை என்றது உச்ச நீதிமன்றம், தழும்பு எப்படி வந்தது என்று டொக்டர் கருத்துச் சொல்லலாம் என்பதையும் உறுதி செய்து வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. 1994ஆம் ஆண்டின் சித்திரவதைச் சட்டப்படி குறைந்தது 7 வருடச் சிறை. ஆனால் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்கிறது. சிங்களம் தெரியாத ஒருவர் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் வைத்து 50 வருடத் தண்டனை வாங்கினார், பிறகு அது 35 ஆனது. அது நியாயமான விசாரணை இல்லை என்று ஐநா மனித உரிமைக் குழு 2004இல் சொல்லியும், 2006இல் கொழும்பு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடித்து வாங்கும் கையெழுத்துக்கு இப்படி விலை இருக்கும்வரை அடி எப்படி நிற்கும்?

அப்புறம் இன்னொன்று. தடுப்பில் பாலியல் வதை ஆண்களுக்கும் நடந்தது என்பதை 2015 ஐநா விசாரணை அறிக்கையே பதிந்திருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் மூன்றாவது சந்திப்பில், கதவுவரை போய்த் திரும்பி வந்துதான் அதைச் சொன்னார். மனைவிக்குத் தெரியாது என்றார். அறிக்கை வீட்டுத் தபாலில் வராமல் வழக்கறிஞரிடம் மட்டும் போகும்படி கேட்கலாம், செய்து தருவோம்.