கருப்பட்டிக்கு மாறினால் கண் தப்புமா?

"சீனியை விட்டாச்சு, கருப்பட்டிதான்" என்று கண் பரிசோதனையின்போது நிம்மதியாகச் சொல்லும் சர்க்கரை நோயாளிகள் இராமநாதபுரம் கரையோரத்தில் ஏராளம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால், விழித்திரையின் நுண் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாங்கும் செல்கள் மடியும். சுவர் ஆங்காங்கே புடைத்து நீரும் ரத்தமும் கசியும். வலி இருக்காது. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படிப்பவருக்கும் உள்ளே கசிவு இருக்கலாம்.

மஞ்சள் கண்ணைக் காக்கும் என்பார்கள். அதிலுள்ள குர்குமின் என்ற சத்து, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் விழித்திரையில் சேதத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளில் (3 கிராம்) குர்குமின் சுமார் 90 மில்லிகிராம்தான்; அதிலும் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும். அதற்காக மிளகுச்சத்து சேர்த்த குர்குமின் மாத்திரையைத் தேடாதீர்கள். அவற்றால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

லூட்டீன், ஸீயாக்சாந்தின் கதை வேறு. கீரையிலுள்ள, மஞ்சள் நிறம் கொண்ட இந்த நிறமிகள் விழித்திரையின் மையத்திலேயே படிகின்றன. கடைகளில் விற்கும் மாத்திரையின் கணக்கு (லூட்டீன் 10, ஸீயாக்சாந்தின் 2 மில்லிகிராம்) 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் வந்தது. அந்த ஆய்வு முதுமையில் வரும் விழித்திரை மையத் தேய்வுக்கானது, சர்க்கரையால் வரும் கசிவுக்கானது அல்ல. காசை முருங்கைக்கீரைக்குச் செலவழிக்கலாம்.

சமைக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முண்டு மிளகாய் போட்ட மீன்குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெய் மட்டும் எப்படிச் சிவக்கிறது பாருங்கள்: மிளகாயின் நிறமி எண்ணெயில்தான் கரையும். லூட்டீனும் அதே இனம். எண்ணெயில்லாமல் வேகவைத்த கீரையிலிருந்து குறைவாகவே உடலில் சேரும். இரண்டு கைப்பிடி கீரைக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், மூடிபோட்டு ஐந்தாறு நிமிடம். முட்டை உடைத்து ஊற்றினால் இன்னும் நல்லது, மஞ்சள் கருவிலும் லூட்டீன் உண்டு. கீரைப்பொடி செய்வதானால் நிழலில் உலர்த்துங்கள், வெயில் நிறமியைச் சிதைக்கும். சிறுநீரகமும் பழுதானவர்கள் கீரை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பொட்டாசியம் ஏறும்.

கரையில் காயும் கட்டக்கோரை என்ற கடற்பாசியைப் பொடித்துக் குடிக்கவே வேண்டாம். அயோடினும் ஆர்சனிக்கும் மிகுதி. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு ஆவாரம்பூக் கஷாயமும் குடித்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். நந்தியாவட்டைச் சாற்றைக் கண்ணில் விடுவது கருவிழியில் புண்ணை வரவழைக்கும், விழித்திரைக்குப் போய்ச் சேராது.

1993-ல் வெளியான அமெரிக்க-கனடா ஆய்வில், டைப் 1 (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தபோது விழித்திரை நோய் புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. எந்தக் கீரைக்கும் அப்படியொரு கணக்கு கிடையாது. ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

டைப் 2 (பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் வகை) என்றால் நோய் தெரிந்த உடனேயும், பிறகு ஆண்டுக்கொருமுறையும் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணில் திடீரென்று கரும்புள்ளிகள், நூல்கள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றைக்கே போங்கள். சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். பாம்பன் பாலம் தாண்டி வீடு திரும்புகிறவர்கள் பைக்கை எடுக்காமல் துணையோடு பஸ்ஸில் வாருங்கள். அன்றைக்குக் கடலுக்கும் போகாதீர்கள்.